நல்ல சிவப்பு

பிப்ரவரி 8

பரம எதிரிக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். போன மாதம் என் குதிரைப்படையை நீ சின்னாபின்னமாக்கிய அழகைப் பார்த்தால், உடம்புக்கு முடியாதவன் செய்கிற காரியமாகத் தெரியவில்லை.

உன் கடிதம் கிடைத்தது. நீ எழுதியிருந்தபடியே என் மேசையிலும் உன் ஆட்களுக்குப் பதிலாக நிற்கும் பொம்மைகளை நகர்த்தி வைத்துவிட்டேன். இந்தப் பின்னறையில் எதிரியின் சேனையையும் நானே கட்டி மேய்ப்பது என் மகளுக்குப் புரிவதில்லை. "ரெண்டு பக்கமும் நீங்கதானப்பா தள்றீங்க, அப்புறம் யாரு ஜெயிச்சா என்ன?" என்கிறாள். மாப்பிள்ளை அவளைவிட நாகரிகம் தெரிந்தவர். வீட்டுக்கு யாராவது வந்தால் என் அறைக் கதவைச் சாத்திவிட்டு, "மாமா ஆராய்ச்சி பண்றார்" என்று சொல்லிவிடுகிறார். கட்டைவிரல் உயரத்து ஈயப் பொம்மைகளை நெப்போலியன் காலத்துச் சண்டைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார் என்று சொல்வதைவிட அது கௌரவம்.

என் நகர்வு: பண்ணை வீட்டுக்குப் பின்னால் இருந்த இரண்டு பீரங்கிகளும் மேட்டில் ஏறுகின்றன. அந்த மேட்டை மரியாதையோடு நடத்து. பல் அச்சு எடுக்க வாங்கி வைத்த பிளாஸ்டரில் நான் உனக்குச் செய்து கொடுத்தது. யாருடைய கடைவாய்க்கோ போகவேண்டிய மலை. புதிதாகப் பெயின்ட் அடித்த என் காவல்படை பாலத்தைத் தாக்கியது. பகடை போட்டேன். ஒன்று விழுந்தது. ஓடிவிட்டார்கள். பெயின்ட் காயாத படை முதல் சண்டையில் ஓடும் என்பதை நாம் கிளப்பில் கண்டுபிடித்தோம். இதுவரை ஒரு படையும் நம்மைப் பொய்யாக்கவில்லை.

ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். உன் சிவப்புச் சட்டைப் பட்டாளம் காட்டைவிட்டு வெளியே வந்திருக்கிறது. எத்தனையோ வருடமாக நீ அவர்களை மரத்துக்கு வெளியே எடுத்ததில்லை. விறகு வெட்டத்தான் சேர்த்திருக்கிறாயோ என்றுகூட நான் கேட்டதுண்டு. டிசம்பரில் திடீரென்று வெளியே வந்ததும் நான் பயந்து பீரங்கியைத் திருப்பினேன். பார்த்தால் அவர்கள் என் பக்கம் வரவில்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கு ஓரத்தைப் பார்த்து நடக்கிறார்கள். அங்கே எனக்குப் பாலமும் இல்லை, கிராமமும் இல்லை, ஒரு கோவேறு கழுதைகூட இல்லை. நீ வரைந்த வரைபடமே அங்கே முடிந்துவிடுகிறது. இன்னும் ஒரு நகர்வு போனால் மேசையை விட்டு இறங்கிவிடுவார்கள். இறங்கிய பட்டாளம் திரும்பி வர முடியாது என்ற விதியை எழுதியவனே நீதான்.

என்ன தந்திரம் இது? எனக்குத் தூக்கம் கெட்டுவிட்டது; உன் நோக்கம் அதுதான் என்றால் ஜெயித்துவிட்டாய்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன் பரம எதிரி

•

பிப்ரவரி 15

டாக்டர் அண்ணாவுக்கு,

அவர் பெயருக்கு வந்த உங்கள் கடிதத்தை நான் பிரித்தேன். இனி அவர் பெயருக்கு வருவதை நான்தான் பிரிக்க வேண்டும்.

அவர் போய்விட்டார், அண்ணா. உங்களுக்கு எழுதிய கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு அப்படியே வங்கிக்குப் போயிருக்கிறார். டோக்கன் வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவர் எண்ணைக் கூப்பிட்டபோது எழுந்திருக்கவில்லை. அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்களாம். அந்த அடுத்தவர் தன் வேலையை முடித்துக்கொண்டு திரும்பும்போதுதான், "சார், உங்களத் தாண்டிக் கூப்பிட்டுட்டாங்களே" என்று சொல்லக் குனிந்திருக்கிறார். நல்ல மனிதர். கடைசிவரைக்கும் கூடவே இருந்துவிட்டு, தன் குடையையும் மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். குடை இங்கேதான் இருக்கிறது.

உங்களுக்கு உடனே சொல்லாதது தப்பு. உங்கள் காதுக்கு போன் ஒத்துவராது என்று அவர் சொல்வார். உங்கள் மகள் எண் அவர் போனுக்குள் இருக்கிறது. போனின் பூட்டு எண் அவரோடு போய்விட்டது.

முன்னறையில் மேசை அப்படியே இருக்கிறது. நான் ஒரு பொம்மையைக்கூடத் தொடவில்லை. என் அக்கா துணைக்கு வந்து தங்கியிருக்கிறாள். வந்த அன்றைக்கே, "இதையெல்லாம் ஒரு பெட்டியில வாரிப் போட்டு யாராவது புள்ளைங்களுக்குக் குடுத்துடேன். டீ குடிக்க உக்காந்தா இதுங்க மொறைக்கிற மாதிரியே இருக்கு" என்றாள். நான், "அதுங்க பழைய வார்ப்பு அக்கா, அச்சு உடைஞ்சு போச்சு, இனிமே கிடைக்காது" என்றேன். சொன்ன பிறகுதான் அது அவர் குரலில் வந்தது என்று தெரிந்தது. அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மேசையை என்ன செய்வது என்று எழுதுங்கள்.

தங்கை

•

பிப்ரவரி 22

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் முப்பது வருடம் பல் பிடுங்கியவன். "வலிக்காது" என்று சொல்லிப் பழகிய வாய். அதே வார்த்தையை உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன், பேனா நகரவில்லை.

செய்தி கேட்டு மாப்பிள்ளை என் அறைக்கு வந்தார். நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இந்த மேசைப் பக்கம் அவர் வந்ததே இல்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "இதுல அவர் எங்க இருக்கார் மாமா?" என்றார். காட்டினேன். வெள்ளைக் குதிரையில் ஒரு கிழவர், கையில் சுருட்டிய வரைபடம். மாப்பிள்ளை அதைத் தொடாமல் திரும்பிப் போனார். அவரைப் பற்றி நான் நினைத்திருந்ததில் பாதியை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

உங்களிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் இருவரில் யார் மிஞ்சுகிறோமோ அவருக்கே மற்றவர் சேனை என்று ஒரு ஒப்பந்தம் இருந்தது. ஜெனரல்தான் கைகுலுக்கச் சொன்னான். (கிளப்பில் உங்கள் வீட்டுக்காரரை எல்லோரும் அப்படித்தான் அழைப்போம், இப்போதும் எனக்கு வேறு பெயர் வரவில்லை.) நானாகக் கேட்கவில்லை. ஆனால் அக்கா சொல்கிற பெட்டிக்கும் புள்ளைங்களுக்கும் நடுவில் நான் ஒருவன் இருக்கிறேன் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மர அலமாரியில் பூட்டியும் வைக்காதீர்கள். மூடிய மரத்துக்குள் ஈயம் வெள்ளையாகப் பூத்துப் பொடியாகிவிடும். நூறு வீரர்களை வைத்துப் பூட்டி ஒரு கிண்ணம் மாவாகத் திறந்தவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று. ஆட்டம் பாதியில் நிற்கிறது. என் மேசையையும் நான் கலைக்கவில்லை. உங்களுக்குச் சம்மதமானால் அவன் பக்கத்தை நீங்கள் ஆடுங்கள். விதிகள் பெரிய கம்பசூத்திரம் இல்லை: இஞ்ச் டேப்பால் அளந்து நகர்த்த வேண்டும், அடிபட்டால் பகடை போட்டு நிற்பார்களா ஓடுவார்களா என்று பார்க்க வேண்டும். பொய் சொல்லக் கூடாது. அவ்வளவுதான். தனியாக இருக்கிற வீட்டில் காலையில் ஒரு வேலை இருப்பது நல்லது. எனக்கும் நல்லது.

உங்கள் அண்ணன்

•

மார்ச் 4

டாக்டர் அண்ணாவுக்கு,

ஆடுகிறேன். என் நகர்வு: குதிரைப்படை முழுவதும் ஆற்றைத் தாண்டி உங்கள் மேட்டை நோக்கி. அக்கா பகடை போட்டாள், ஆறு. "இன்னொரு தடவை போடட்டுமா?" என்கிறாள். பெட்டியில் வாரிப் போடச் சொன்னவள் இப்போது உங்கள் பீரங்கிகளைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஒப்பந்தம் எனக்குத் தெரியும், அவர் சொல்லியிருக்கிறார். சேனை உங்களுக்குத்தான். ஆனால் அனுப்புவதற்கு முன்னால் ஒரு பட்டாளத்தை மட்டும் நான் சரிசெய்ய வேண்டும். எதை என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் கடிதத்தில்கூட நாகரிகமாக "சிவப்புச் சட்டை" என்றே எழுதியிருக்கிறீர்கள்.

அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். கல்யாணமான முதல் வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லாதே என்றார். கறுப்பு மையால் வரைபடம் வரைகிற உத்தியோகம், யாருக்கும் தெரியத் தேவையில்லாமல் ஓடிவிட்டது. நான் பெயின்ட் கடையில் கலர் கலக்கும் மெஷின் முன்னால் பாதி ஆயுள் நின்றவள். அவருடைய ஒவ்வொரு நிறத்தையும் நான்தான் கலந்து, சின்ன மருந்து பாட்டில்களில் ஊற்றி, பெயர் எழுதி ஒட்டிக் கொடுப்பேன். நீங்கள் எல்லோரும் வாய்பிளந்து பார்த்த நீலமும் மஞ்சளும் என்னுடையவை.

ஒரு நாள் நீங்கள் நால்வரும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். நீங்கள்தான் கேட்டீர்கள், "இந்த நிறமெல்லாம் தங்கச்சி யோசனையா?" என்று. அவர் சிரித்துக்கொண்டே, "அவளுக்கு இதுல என்ன தெரியும், பாட்டில்ல லேபிள் ஒட்டறதோட சரி" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். நீங்களும் சிரித்தீர்கள், அண்ணா.

மறுநாள் காலையில் இரண்டு பாட்டில்களின் லேபிளை மாற்றி ஒட்டினேன். சிவப்பு, கரும்பச்சை. ஒரு பொம்மைக்குப் பெயின்ட் அடிக்கட்டும், சிரித்துவிட்டுச் சொல்லிவிடலாம் என்றுதான். ஆனால் அந்த வாரம்தான் அவர் பல வருடமாகத் தேடிய அந்தப் பழைய பட்டாளம் ஏலத்தில் கிடைத்து வந்து சேர்ந்தது. யாரோ அடித்திருந்த பெயின்டை ஊறவைத்துக் களைந்து, பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, ஒவ்வொன்றையும் பிறந்த குழந்தை மாதிரி துடைத்து வைத்தார். பிறகு அடிக்க ஆரம்பித்தார். நான் பேசாமல் இருந்தேன். முதல் வாரம் கோபத்தில். அதற்கப்புறம், பாதி முடிந்துவிட்டதே என்று. பிறகு முழுதும் முடிந்துவிட்டது.

கிளப்புக்கு எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "எல்லாரும் வாயடைச்சுப் போயிட்டாங்கடி" என்றார்.

அதிலிருந்து அவருக்கு ஒரு பழக்கம். எப்போதாவது அந்தக் கொடி பிடித்தவனை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "எப்படி இருக்கு இந்தச் சிவப்பு?" என்று கேட்பார். நான், "நல்ல சிவப்பு" என்பேன். எத்தனை தடவை கேட்டார் என்று எனக்குத் தெரியாது. எல்லாத் தடவையும் அதையே சொன்னேன்.

இப்போது காலையில் டீயோடு என் நாற்காலியில் உட்கார்ந்தால் அந்தப் பட்டாளம் முழுவதும் என்னைப் பார்த்து நிற்கிறது. நேற்றைவிட இன்று பக்கத்தில் இருப்பது போலத் தோன்றுகிறது. ஒரு நாள் துணியைப் போட்டு மூடினேன். துணிக்கடியில் வரிசையாகத் தலைகள் தெரிந்ததைப் பார்க்கச் சகிக்காமல் நானே எடுத்துவிட்டேன். அக்காவிடம் சொல்லவில்லை, அவள் வேறு பேச்சை ஆரம்பித்துவிடுவாள்.

அவர்களை ஊறவைத்து, களைந்து, சரியான சிவப்பை அடித்து உங்களுக்கு அனுப்பப் போகிறேன். அதற்கு முன்னால் ஒன்று மட்டும் சொல்லுங்கள். நீங்கள் யாராவது அவரிடம் சொன்னீர்களா? தெரியாமலே போனாரா?

தங்கை

•

மார்ச் 11

அன்புள்ள தங்கச்சிக்கு,

தயவுசெய்து ஊறவைக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நாங்கள் யாரும் சொல்லவில்லை. அது நடந்த விதத்தைக் கேளுங்கள். அப்போது கிளப் டிரைவிங் ஸ்கூல் மாடியில் இருந்தது. ஆடிட்டர், மருந்துக்கடைக்காரர், நூலகர், நான். ஜெனரல் ஷூ பெட்டியைத் திறந்து, "எப்படி இருக்கு சிவப்பு?" என்று பஞ்சை விலக்கினான். குனிந்து பார்த்தோம். வெள்ளைக் குறுக்கு வார்கள், மஞ்சள் கழுத்துப்பட்டை, கடுகளவு பித்தளைப் பொத்தான்கள், முகத்தில் சவரம் செய்யாத நிழல்கூட. ஒரு மயிரிழை தப்பில்லை. சட்டை மட்டும் பாட்டில் பச்சை. ஆங்கிலேயக் காலாட்படை என்றால் சிவப்பு. எங்கள் கிளப் வாட்ச்மேனுக்கே தெரியும்.

ஆடிட்டர் வாயைத் திறந்தார். மருந்துக்கடைக்காரர் அவர் காலை மிதித்தார். ஆடிட்டர் இருமிவிட்டு, "சிவப்புன்னா இதுதான் சார் சிவப்பு" என்றார். ஊரார் வரிக் கணக்கில் எத்தனையோ பொய் பார்த்தவர், ஆனாலும் அன்றைக்கு அவர் குரல் நடுங்கியது. நூலகர், "ரத்தம் மாதிரி இருக்கு" என்றார். அது கொஞ்சம் அதிகம். நான் பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கி அதற்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டேன். மாடிப்படி இறங்கும்போதுதான் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது, அவனுக்கு நிறம் தெரியாது என்று. அதை அவனாகச் சொல்லாதவரை நாங்களும் சொல்வதில்லை என்று முடிவானது. நான்கு படித்த மனிதர்கள் வருடக்கணக்கில் ஒரு சட்டையின் நிறத்தைப் பற்றிப் பொய் சொன்னோம். யாருமே உளறவில்லை. எங்கள் சங்கத்தின் ஒரே உருப்படியான சாதனை அதுதான்.

உங்கள் வீட்டில் நான் சிரித்தது எனக்கு நினைவில் இல்லை. நீங்கள் சொன்னால் சிரித்திருப்பேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பட்டாளம் முதல் ஆட்டத்தில் திறந்தவெளியில் நின்றது, வழக்கப்படி ஓடியது. இரண்டாவது ஆட்டத்திலும் திறந்தவெளி. மூன்றாவதில் ஜெனரல் அவர்களைக் காட்டுக்குள் வைத்தான். அதற்குப் பிறகு எந்த ஆட்டத்திலும் அவர்கள் மரத்தை விட்டு வெளியே வரவில்லை. தங்கச்சி, சிவப்புச் சட்டைக்காரனை எந்தத் தளபதியும் காட்டில் வைக்க மாட்டான். காட்டில் பதுங்குவது பச்சைச் சட்டைக்காரன் வேலை. அந்தக் காலத்து ஆங்கிலேயச் சேனையிலேயே அப்படித்தான்: பச்சை போட்ட ரைபிள்காரர்கள் மரத்துக்குப் பின்னால், சிவப்பு வெளியே வரிசையில். எங்களில் அதிகம் படித்தவன் அவன்.

எப்படித் தெரிந்துகொண்டான் என்று எனக்குத் தெரியாது. எங்கள் பாராட்டே காட்டிக்கொடுத்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒரே நேரத்தில் நான்கு பேர் புகழ்ந்தால் புத்தியுள்ளவன் சந்தேகப்படுவான்.

அவனுக்குத் தெரியும்.

உங்கள் அண்ணன்

•

மார்ச் 17

டாக்டர் அண்ணாவுக்கு,

அந்த நிறத்தைப் பற்றிப் பொய் சொல்வதில் உங்களுக்குப் பழக்கம் அதிகம். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், "வலிக்காது" என்று சொல்கிற வாய் என்று. எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று இந்தக் காட்டுக் கதையைச் சொல்கிறீர்கள். நன்றி. ஆனால் காட்டில் வைத்தார் என்பதெல்லாம் ஒரு சாட்சியா? அவருக்கு நிழல் பிடிக்கும். எங்கள் கல்யாணப் போட்டோவிலேயே எல்லோரும் வெயிலில் நிற்க, அவர் மட்டும் மரத்தடியில் நிற்கிறார்.

உங்களுக்கு இது ஆறுதல் என்று ஏன் தோன்றுகிறது என்பதும் புரியவில்லை. தெரியாதவரை ஏமாற்றினேன் என்றால், அது நான் செய்த ஒரு தப்பு. அதை வைத்துக்கொண்டு வாழ்ந்து பழகிவிட்டேன். தெரிந்திருந்தால்? அதற்கப்புறமும் ஒவ்வொரு காலி பாட்டிலையும் என்னிடமே கொண்டுவந்து நீட்டினாரே. நான் ஒட்டிய லேபிளை ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாரே. தெரிந்துகொண்டா கேட்டார் என்னிடம், எப்படி இருக்கு இந்தச் சிவப்பு என்று? அப்படியானால் அவர் நிறத்தைக் கேட்கவில்லை, அண்ணா. நான் எப்போது சொல்வேன் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அது எனக்கு வேண்டாம்.

அடுத்த வாரம் ஊறவைக்கிறேன். கரைசல் வாங்கி வைத்துவிட்டேன். சிவப்பும் கலந்தாகிவிட்டது. இந்தத் தடவை லேபிள் சரியாக இருக்கிறது.

இன்னும் பக்கத்தில் வந்துவிட்டார்கள்.

தங்கை

•

மார்ச் 21

தங்கச்சி,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். "போர்க்கால அவசரமா மாமா?" என்று மாப்பிள்ளை கேட்டார். ஆமாம் என்றேன். அவரே ஸ்கூட்டரில் எடுத்துப் போகிறார்.

என்னை நம்ப வேண்டாம். இரண்டு காரியம் மட்டும் செய்யுங்கள்.

முதலாவது, அவனுடைய பூதக்கண்ணாடியை எடுத்து அந்தப் பட்டாளத்தின் காலடியைப் பாருங்கள். மற்ற எல்லாப் படைகளையும் நாங்கள் ஒட்டி வைத்தது ஆற்று மணலும் பச்சைத் தூளும் தூவிய அட்டையில். மூன்றாவது ஆட்டத்துக்கு அவர்களை அவன் கொண்டுவந்தபோது அட்டை மாறியிருந்தது. "என்னத்த தூவியிருக்க?" என்று கேட்டேன். "வீட்டுச் சரக்கு" என்றான். அது என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. உங்களுக்குத் தெரியலாம்.

இரண்டாவது, நீங்கள் எனக்கு ஒரு பதில் எழுத வேண்டும். கிளப்பை மூடிய பிறகுதான் அந்த மேசை உங்கள் வீட்டுக்கு வந்தது; நான் அதற்கு முன்பே மகள் வீட்டுக்கு வந்துவிட்டேன். உங்கள் முன்னறையில் அது எப்படிப் போட்டிருக்கிறது என்று நான் பார்த்ததில்லை. போன டிசம்பரிலிருந்து அவன் அந்தப் பட்டாளத்தைக் காட்டிலிருந்து எடுத்து, நகர்வுக்கு நகர்வு, கிழக்கு ஓரத்துக்கு நடத்திக்கொண்டிருந்தான். என் வரைபடத்தில் அங்கே ஒன்றும் இல்லை. அவனிடம் கேட்டேன், கடிதம் போய்ச் சேருவதற்குள் இப்படி ஆகிவிட்டது. வரைபடத்தின் வடக்கு என்பது ஜன்னல் பக்கம் என்று அவன் ஒரு தடவை எழுதியிருந்தான். மேசையின் கிழக்கு ஓரத்துக்கு அந்தப் பக்கம் அறையில் என்ன இருக்கிறது?

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஏலத்தில் இரண்டு வகை இருந்தது. ஒன்று குறிபார்த்துச் சுடுகிற நிலை. இன்னொன்று துப்பாக்கியைத் தோளில் சாய்த்து நடக்கிற நிலை. அவன் வாங்கியது எது என்று எனக்குத் தெரியும். நீங்கள் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணன்

•

மார்ச் 30

டாக்டர் அண்ணாவுக்கு,

உங்கள் கூரியர் வந்தபோது வாளியில் கரைசலை ஊற்றி வைத்திருந்தேன். அக்காவைப் பக்கத்தில் வராதே என்று சொல்லியிருந்தேன். கடிதத்தைப் படித்தேன். பூதக்கண்ணாடியை எடுத்தேன்.

காலடியில் கறுப்பும் பழுப்புமாகச் சுருள் சுருளாக இருந்தது. காட்டில் காய்ந்த இலை விழுந்து கிடந்தால் எப்படி இருக்குமோ அப்படி. நகத்தால் ஒன்றைப் பெயர்த்து எடுத்தேன். அண்ணா, அது டீத்தூள். நான் குடித்த டீயின் தூள். நிறம் பார்த்தே பிழைத்தவளுக்குத் தன் வீட்டு டீத்தூளின் நிறம் தெரியாதா?

தினமும் காலையில் நான் டீ குடித்து முடித்ததும் வடிகட்டியை அவர்தான் எடுத்துப்போவார். "குடு, செடிக்குப் போடறேன்" என்பார். எங்கள் வீட்டில் செடியே கிடையாது. இத்தனை வருடத்தில் இது எனக்கு உறைத்ததில்லை.

சிவப்புச் சட்டை என்று நினைத்திருந்தால் எதற்குக் காட்டுத் தரை? அவருக்குத் தெரியும். நீங்கள் சொன்னது பொய்யில்லை. மன்னியுங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில். வடக்கில் ஜன்னல். தெற்கில் வாசல் கதவு. மேற்கில் அவர் நாற்காலி, பிரஷ் வைக்கும் ஜாடி. கிழக்கில் என் நாற்காலி. காலையில் நான் டீ குடிக்க உட்காருகிற இடம்.

டிசம்பரிலிருந்து அவர் எனக்கு எதிரே உட்கார்ந்து, நகர்வுக்கு நகர்வு இஞ்ச் டேப்பை வைத்து அவர்களை என்னிடம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறார். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள், "நிமிந்துதான் பாரேன்" என்றார். "என்ன, உங்க சண்டையா? டாக்டர் அண்ணாகிட்ட காட்டுங்க" என்றேன். சரி என்று உங்களுக்கு எழுதிவிட்டார்.

அவர்கள் பக்கத்தில் வருகிறார்கள் என்று எழுதியிருந்தேன் இல்லையா? அதையும் டேப் வைத்து அளந்துவிட்டேன். உங்கள் மேசையில் நீங்கள் குறித்த அதே இடத்தில்தான் நிற்கிறார்கள். ஒரு இழைகூட நகரவில்லை. தரையில்தான் கோடு விழுந்திருக்கிறது. தினமும் காலையில் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தது என் நாற்காலி.

துப்பாக்கி எல்லாம் தோளில்தான் இருக்கிறது. பார்த்துவிட்டேன். இருபத்துநான்கு பேர், ஒருவனும் குறிபார்க்கவில்லை.

கரைசலைக் கொட்டிவிட்டேன். சிவப்பு பாட்டிலை உங்களுக்கு அனுப்புகிறேன், நல்ல சிவப்பு, காவல்படைக்கு ஆகும். சேனை முழுவதையும் அக்காவும் நானும் பஞ்சு வைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறோம். அசல் வெள்ளைக் குதிரைக் கிழவரும் அதில்தான் வருகிறார், மாப்பிள்ளையிடம் காட்டுங்கள். எங்கள் கடைசி நகர்வை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: பட்டாளம் கிழக்கு ஓரத்தைத் தாண்டிவிட்டது. விதிப்படி, மேசையை விட்டு இறங்கியவர்கள் திரும்பி வர முடியாதாமே. ஆகவே பெட்டியில் அவர்களைத் தேடாதீர்கள். மற்றபடி ஜெயித்தது நீங்கள்தான். அக்கா ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறாள். அது உங்களுக்கும் அவளுக்கும் உள்ள வழக்கு, இனிமேல் அவளே எழுதட்டும்.

இன்று காலை டீ குடித்து முடித்ததும் கொடி பிடித்தவனை எடுத்தேன். ஜன்னல் பக்கம் போய், அவர் பிடிப்பது போலவே வெளிச்சத்தில் பிடித்தேன். பிறகு, "பச்சை" என்றேன். சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது.

அக்கா உள்ளேயிருந்து, "யாருடி?" என்றாள்.

"ஒண்ணுமில்லக்கா" என்றேன். "இவர் கேட்டார்."

உங்கள் தங்கை